பத்தால் வகுத்த மழை

ஹாவ்ஜியாகோ,
ஜூன் 4

யூலின் நகரத்தில் வீற்றிருக்கும் அணைப் பொறியாளர், மேன்மைதங்கிய காவ் வென்ஜுவான் அம்மையார் சமூகத்துக்கு,

தங்கள் அலுவலகத்தின் சிவப்பு முத்திரைத் தாள் கிடைத்தது. அந்த முத்திரையின் கனம் தாங்காமல் தபால்காரர் மாவின் மோட்டார் சைக்கிள் மேட்டில் மூன்று தடவை நின்றுபோனதாம். "ஹாவ்ஜியாகோ மழைமானிப் பொறுப்பாளர் ஹாவ் மான்ட்சாங், கடந்த முப்பது ஆண்டு மழைப் பதிவேட்டை அனுப்பவும்" என்று கண்டிருந்தது. கீழே தங்கள் கையெழுத்து.

இந்தப் பெயரில் எனக்கு ஒரு மருமகள் இருந்தாள். என் அக்கா லான்யிங்கின் ஒரே மகள். நடை பழக்கியவன் நான். பழக்கிய அன்றே மஞ்சள் நதி வரை நடந்துபோய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டாள்; வயது பதினோரு மாதம். அப்பேர்ப்பட்டவள் போன புத்தாண்டு விருந்தில், பதினாலு உறவினர், இரண்டு நாய், ஒரு முழு ஆட்டுத்தொடை ஆகியோர் முன்னிலையில், "மாமா சொல்றதையெல்லாம் பத்தால வகுத்துக்கணும், அப்பத்தான் நிஜம் வரும்" என்றாள். பதினாலு பேரும் சிரித்தார்கள். ஒரு நாயும் சிரித்தது. எழுந்து வந்துவிட்டேன். வந்த கோபத்தில் செல்போனைத் தினை ஜாடிக்குள் புதைத்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஆகவே எதுவானாலும் எழுத்தில் கேட்கவும்.

நம் வண்டல் அணையில் மிகுதித் தண்ணீர் வெளியேறக் கலிங்கு வெட்டப்போகிறீர்கள் என்று கேள்வி. அது தண்ணீர் பிடிக்கக் கட்டியதல்ல, சரிவில் கரைந்து ஓடும் மண்ணைப் பிடிக்கக் கட்டியது என்பது உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா? பிடித்த மண்தான் இன்று என் மக்காச்சோளக் கொல்லை. அதன் நடுவே கத்தி வைக்கிறீர்கள்.

மழை எப்படி என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் ஜூனில் நாலு, ஜூலையில் ஆறு என்று விருந்தாளி மாதிரி வரும், போகும். இப்போது நாற்பது நாள் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு மத்தியானம் மொத்தக் குடும்பத்தோடு வந்து கூரையைப் பிய்க்கிறது. மீதியை இலந்தை பழுக்கிற நேரத்துக்கு வைத்திருந்து பதினைந்து நாள் தூறி, பழத்தை மரத்திலேயே வெடிக்க வைக்கிறது. டிராகன் அரசர் கோயிலில் போன மாதம் கூட்டம் போட்டோம். மழை கேட்பதா, வேண்டாம் என்று கேட்பதா? முடிவாகவில்லை. கடைசியில், "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லி ஊதுபத்தி கொளுத்திவிட்டு வந்தோம்.

பதிவேடு இத்துடன் வருகிறது. வகுக்கத் தெரிந்தவர்கள் வகுத்துக்கொள்ளலாம்.

ஹாவ் மான்ட்சாங்
காலை எட்டு, இரவு எட்டு மழை அளப்பவன்


யூலின்,
ஜூன் 13

மாமா,

பதிவேடு வந்தது. திறக்கவே பயந்தேன். ஒரு நாள் ஐந்நூறு மில்லிமீட்டர், மறுநாள் மீன் மழை என்றெல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். முப்பது வருஷத்தில் மிகப் பெரிய நாள் மழை 71. அடுத்தது 66. எவ்வளவு அடக்கமான புத்தகம்! எழுதியது நீங்கள்தானா என்று கையெழுத்தை ஒத்துப் பார்த்தேன்.

கத்தி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அந்த அணையில் தண்ணீர் வெளியேற ஒரு வழியும் இல்லை. கட்டிய காலத்து மழைக்கு வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒரே மத்தியானத்தில் கொட்டினால் தண்ணீர் அணையின் தலைமேல் ஏறும். ஏறினால் மண் அணை ஒரு மணி நேரம் தாங்காது. கீழே ஒன்பது வீடுகள். முதல் வீடு அம்மாவுடையது. உங்கள் அக்கா வீடு.

கலிங்கின் அகலத்தை உங்கள் புத்தகத்தின் பெரிய மழைதான் முடிவு செய்யும். 71 என்றால் நாலு மீட்டர் போதும், கொல்லையில் ஓர் ஓரம்தான் போகும். சந்தோஷப்படுங்கள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து உங்கள் கொல்லையில் குழி தோண்டி மண் பார்ப்பார்கள். அவர்களிடம் நல்ல முகம் காட்டுங்கள்.

புத்தாண்டு பற்றி இப்போது எழுதத் தெரியவில்லை. பிறகு.

ஜுவான்


ஹாவ்ஜியாகோ,
ஜூன் 24

சமூகத்துக்கு,

உங்கள் இரண்டு பேரும் வந்தார்கள், தோண்டினார்கள், போனார்கள். அவர்கள் தோண்டிய குழியில் ஒரு ரயில் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் டீக்கடையும் வைக்கலாம். ஒருவன் தாடிக்காரன், மற்றவன் தாடி வளர முயற்சி செய்பவன். உருளைக்கிழங்கு துருவி மாவு பிசிறி ஆவியில் வேகவைத்துப் போட்டேன்; ஆளுக்கு நாற்பது கிண்ணம் சாப்பிட்டார்கள்.

தாடிக்காரன் குழிச் சுவரைப் பார்த்துப் பார்த்து நாடா பிடித்தான். "என்னப்பா பாக்குறே?" என்றேன். "அடுக்குங்க. ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு அடுக்கு. கீழே மணல், மேலே களி. கேக்கு மாதிரி" என்றான். "எத்தனை வருஷம் தெரியும்?" "உங்க புத்தகம் எத்தனை வருஷமோ, அத்தனையும்."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உருளைக்கிழங்கில் உப்பு கூடிவிட்டது.

நாலு மீட்டர் நியாயமான அகலம். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். சீக்கிரம் வெட்டி முடிக்கவும்.

மான்ட்சாங்


யூலின்,
ஜூலை 1

மாமா,

குழப்பமாக இருக்கிறது. மேலதிகாரியிடம் போவதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

குழியில் பத்தொன்பது அடுக்குகள். மேலிருந்து கீழே எண்ணி, உங்கள் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். உங்கள் 48 வந்த வருஷம் இரண்டு விரல் கனம். 55 வந்த வருஷம் மூன்று விரல். 71 வந்த வருஷம் நாலு விரல். மாமா, பதினெட்டு அடுக்குகள் அச்சுப்போல ஒத்துப்போகின்றன. உங்களை வகுத்துப் பழகிய எனக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து அழுகை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஜூலை. புத்தகத்தில் 66. குழியில் அந்த அடுக்கு என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை.

அப்போது சரிவெல்லாம் வேலமரம் வைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆடு மேய்ச்சலும் தடை. மண் குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும், கூட வந்திருக்கிறது. அடியில் ஏதாவது சரிந்ததா? மேட்டு ரோடு போட்டபோது கொட்டிய மண்ணா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவைக் கேட்டேன், "அந்த வருஷமா? உன் மாமாவோட கழுதைத் தொட்டி நிரம்பி வழிஞ்சுது, அது ஞாபகம் இருக்கு" என்கிறாள். அந்தத் தொட்டி எவ்வளவு ஆழம்?

ஜுவான்


ஹாவ்ஜியாகோ,
ஜூலை 6

பொறியாளருக்கு,

ரோடுதான். நீயே சொல்லிவிட்டாய். ரோடு போட்டபோது ஒரு மலையைப் பெயர்த்து இந்தப் பக்கம் கொட்டினார்கள். அதன் உச்சியில் பனி படிந்திருந்தது. அந்த மண்தான் இறங்கியிருக்கும்.

கழுதைத் தொட்டியைப் பற்றி: என் கழுதை நாள் ஒன்றுக்கு ஓர் ஏரி குடிக்கும். அதற்காக நானே நிரப்பி வைத்திருப்பேன். மழை வந்து சேர்ந்தால் வழியத்தான் செய்யும். அக்காவுக்கு ஞாபகசக்தி போதாது. தன் கல்யாணத்துக்கு வந்த ஆடுகளையே ஏழு என்பாள், எழுநூறு வந்தது.

முப்பது வருஷம் நாள் தவறாமல் அளந்தவனை ஒரு குழியை வைத்துச் சந்தேகப்படுகிறாய். மண் பேசுகிறது, மாமன் பேசினால் வகுத்தல்.

வேறு கேள்வி இருந்தால் வேறு ஊரில் கேட்கவும்.


யூலின்,
ஜூலை 10

மாமா,

ரோடு வேலை தொடங்கியது அந்த மழைக்கு இரண்டு வருஷம் கழித்து. கோப்பில் பார்த்துவிட்டேன்.

நான் உங்களைக் குற்றவாளி ஆக்கவில்லை. எனக்கு ஓர் எண் வேண்டும். 66 என்றால் நாலு மீட்டர். 66 இல்லையென்றால் அந்தக் கலிங்கு வெறும் கண்துடைப்பு, அதன் கீழே அம்மா தூங்குகிறாள்.

தயவுசெய்து.

ஜுவான்


ஹாவ்ஜியாகோ,
ஜூலை 15

ஜுவான்,

தொட்டி அன்று காலி. கழுவிக் கவிழ்த்திருந்ததை மத்தியானம்தான் நிமிர்த்தி வைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் கடையில் உட்கார்ந்து, ஆலங்கட்டி முகம் கழுவும் பேசின் அளவுக்கு விழுந்து ஒரு பன்றியை மயக்கம் போட வைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடை முழுக்கச் சிரிப்பு. கடைக்காரர் செங், "மான்ட்சாங், அந்தப் பன்றிக்கு மயக்கம் தெளிஞ்சதும் கேட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், சிரிக்கத்தானே சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் கொட்டியது. மானிக்குள் இருக்கும் பாட்டில் வழிந்துவிடும் என்று நடுநடுவே மூன்று தடவை ஓடிப்போய் அளந்தேன். 31. பிறகு 44. பிறகு 57. கூட்டினால் 132.

மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் 132. மழை அளக்கும் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஓர் எண்ணை நான் சும்மா பேசும்போதுதான் சொல்வேன், புத்தகத்தில் எழுதியதே இல்லை. எழுதினால் யார் நம்புவார்கள்? ஆலங்கட்டிக்காரன் எழுதியதாயிற்றே. அலுவலகத்திலிருந்து ஒரு ஃபோன் வரும், "ஏம்பா, மானிக்குள்ள கழுதை ஒண்ணுக்கு அடிச்சுதா?" என்பார்கள். அடுத்து மானியைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். வாயால் எத்தனை பொய் சொன்னாலும் அந்தப் புத்தகத்தில் நான் ஒன்றுகூடச் சொன்னதில்லை. அது போய்விடும் என்று பயம். அதனால் அதைக் காப்பாற்ற அதிலேயே ஒரு பொய் எழுதினேன். பத்தால் வகுக்க மனசு வரவில்லை. இரண்டால் வகுத்தேன். 66.

உண்மையைச் சொல்லப் போனால் அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. 132 என்று நிஜமாகவே பார்த்தேனா, அதுவும் நான் கட்டிய கதையா என்று. ஐந்து வருஷமாக அதை யோசித்து யோசித்து, கட்டிய கதை என்றே முடிவு செய்திருந்தேன். இப்போது உன் குழியில் இறங்கிப் பார்த்தேன். அந்த அடுக்கில் கையை வைத்தேன். முழங்கை வரை இருக்கிறது.

66-ஐ ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 132 என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் இத்துடன் வருகிறது. புத்தகத்தில் ஒட்டிவிடு.

அகலம் எவ்வளவு ஆகும்?

மாமா


யூலின்,
ஜூலை 18

மாமா,

பதினோரு மீட்டர். அன்று பள்ளம் ஆழமாக இருந்ததால் அணை தப்பியது; இப்போது அந்த மண்ணே பள்ளத்தை மேடாக்கியிருக்கிறது, இன்னொரு 132-க்கு உள்ளே இடமில்லை. கொல்லையின் நல்ல பாதி போய்விடும்.

நிரந்தரக் கலிங்கு கட்ட அனுமதி வர அடுத்த வசந்தம் ஆகும். அதுவரை தற்காலிகமாக மண்ணை மட்டும் வெட்டி வழிவிட அனுமதி வாங்கிவிட்டேன். பயிர் நிற்கும்போதே வெட்ட வேண்டும். சம்மதம் என்று எழுத்தில் வேண்டும்.

இதை நான் கேட்கக் கூடாது என்றும் தோன்றுகிறது, கேட்டே ஆக வேண்டும் என்றும் தோன்றுகிறது. இந்த வருஷம் மழையே இல்லாமல் போனால் பயிரையும் இழந்து, கிணறும் வற்றி, நீங்கள் என்னை மன்னிக்கவே மாட்டீர்கள். முன்னறிவிப்பு ஒரு நாள் ஒன்று சொல்கிறது, மறுநாள் வேறு சொல்கிறது.

ஜுவான்


ஹாவ்ஜியாகோ,
ஆகஸ்ட் 2

ஜுவான்,

சம்மதக் கடிதம் தபால்காரர் மாவிடம் அன்றே கொடுத்தேன், கிடைத்திருக்கும். வெட்டியாயிற்று. கதிர் பால் பிடிக்கிற சமயம். இயந்திரக்காரன் மூன்று தடவை, "நிஜமா வெட்டவா பெரியவரே?" என்று கேட்டான். மூன்றாவது தடவை நான் கழுதையோடு பேசப் போய்விட்டேன்.

இன்றோடு முப்பத்தேழு நாள், வானத்தில் ஒரு மேகம் இல்லை. தூசி எழும்பினால் கோழி இருமுகிறது. ஊர் முழுக்க என் பெயர்தான். "மழையே இல்லாத வருஷத்துல கலிங்கு வெட்டின மகாராஜா" என்று செங் கடை வாசலில் எழுந்து நின்று கும்பிடுகிறார். உன் அம்மா வந்து வெட்டிய இடத்தைப் பார்த்தாள். "எம்மேல அவ்வளவு பாசமாடா? இல்ல, எம் பொண்ணுகிட்ட தோத்துட்டியா?" என்றாள். இரண்டும் இல்லை என்றேன். பிறகு, இரண்டும்தான் என்றேன். எனக்கே தெரியவில்லை.

சரிவெல்லாம் பச்சையாக நிற்கிறது. அதைப் பார்த்தால் எதுவும் கெட்டதாகத் தோன்றவில்லை. மரத்தடியில் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது. பச்சையை நம்புவதா, எலும்பை நம்புவதா?

மானியைத் தினம் இரண்டு வேளை பார்க்கிறேன். பூஜ்யம் எழுத எழுதப் பேனா தேய்கிறது. இதில் மிகை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

மாமா


யூலின்,
ஆகஸ்ட் 11

மாமா,

அம்மா இங்கே என் வீட்டில் இருக்கிறாள். காலில் ஒரு சின்னக் காயம், வேறொன்றுமில்லை. நீங்கள் போனை இன்னும் எடுக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நடந்ததை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். எனக்கு அது அப்படியே இருக்க வேண்டும்.

"மத்தியானம் மஞ்சத் தினை ரொட்டி ஆவியில வச்சிருந்தேன். வெளியே கொட்டுது. உன் மாமா வந்து வாசல்ல நின்னான், தலையில இருந்து சொட்டுது. 'என்னடா, டிராகன் அரசரே தொட்டியோட கவுந்துட்டாரா?'ன்னேன். அவன் வழக்கமா சொல்ற பேச்சுதான் வரும்னு காத்திருந்தேன். வரல. 'அக்கா, நூத்திப் பத்து தாண்டிருச்சு. இன்னும் விடல. கிளம்பு'ன்னான். அவ்வளவுதான். கடல்னு சொல்லல, மலைன்னு சொல்லல. அவன் வாயில இருந்து சின்னப் பேச்சு வந்து நான் கேட்டதே இல்லடி. அடுப்பைக்கூட அணைக்கல. செருப்பு தேடல.

"கடைக்குப் போனான். செங் வழக்கம்போல, 'எவ்வளவு, ஆயிரமா?'ன்னு கேட்டானாம். இவன், 'நூத்திப் பத்து'ன்னானாம். செங் முகம் செத்துப்போச்சாம். உடனே ஷட்டரை இழுத்துப்போட்டுட்டு வீடு வீடா ஓடினானாம். ஒன்பது வீடும் கால் மணி நேரத்துல மேட்டுக் குகைக்கு ஏறிட்டோம். யாரும் வகுக்கல."

தண்ணீர் அணையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றதாம். மீதியெல்லாம் நீங்கள் வெட்டிய வழியில் போனது. அம்மா வீட்டு முற்றச் சுவர் போய்விட்டது, உள்ளே ஜன்னல் வரை சேறு. அணை நிற்கிறது. நாலு மீட்டராக இருந்தால் நின்றிருக்காது. மூன்று முறை கணக்குப் போட்டேன்.

உங்கள் கொல்லையில் மிச்சமிருந்த பாதியும் மண்ணுக்கடியில் என்று தாடிக்காரர் சொன்னார்.

புத்தாண்டு அன்று அந்தப் பதினாலு பேருக்கும் முன்னால் சிரித்தது நான். அதை எழுதத்தான் ஜூனிலிருந்து பேனா எடுக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் அம்மாவிடம் கொடுத்தனுப்பிய மழைக் கணக்கில் ஆகஸ்ட் 9-க்கு 151 என்று இருக்கிறது. "இந்த ஆள் சொல்வதை நம்பலாமா?" என்று மேலே கேட்கிறார்கள். கீழே குறிப்பு எழுத வேண்டியது நான். என்ன எழுத?

ஜுவான்


ஹாவ்ஜியாகோ,
ஆகஸ்ட் 15

ஜுவான்,

நாலு தடவை அளந்தேன். 38. 47. 27. மேட்டுக் குகையில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, திரும்ப இறங்கிப்போய் எடுத்தது 39.

மறுநாள் காலையிலேயே வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. ஆறு நாளாகப் பூஜ்யம் எழுதுகிறேன். டிராகன் அரசர் கோயில் முன்னால் மறுபடி கூட்டம் போட்டார்கள். என்ன கேட்பது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை என்றேன். அதற்கும் எல்லோரும் பயந்துபோனார்கள். இனி ஊரில் கவனமாகப் பேச வேண்டும் போலிருக்கிறது.

கொல்லையில் புது அடுக்கு. ஈரமாக இருக்கிறது, இன்னும் கால் வைக்க முடியவில்லை. கனத்தை நீயே வந்து அளந்துகொள். செல்போனைத் தினை ஜாடியிலிருந்து எடுத்தேன். உள்ளே தினை முளைத்து, கதிர் விட்டு, அறுவடைக்குத் தயாராக இருந்தது. இதைப் பத்தால் வகுத்துக்கொள்.

151-ஐ வகுக்காதே.

மாமா